இலவச வைத்தியமும் வெளியில் வாங்கும் மருந்தும்: எமக்கு வேண்டியது காப்புறுதிச் சட்டமா?

அண்மையில் குடாநாட்டின் அரச வைத்தியசாலை ஒன்றில், கிளினிக் நாளொன்றின் காலைப்பொழுது முழுவதும் வாசலில் இருந்தேன். வேறொரு கட்டுரைக்காகப் போயிருந்தேன். பக்கத்து வாங்கில் இருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வடமராட்சி கிழக்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். நீரிழிவும் பிரஷரும் இருக்கிறது. 2009இல் மாத்தளனில் பட்ட ஷெல் துண்டொன்று இன்னும் இடுப்புக்குள் இருக்கிறது. அதை எடுப்பதைவிட விடுவதே நல்லது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். கணவர் அந்தக் கடைசி நாட்களிலேயே போய்விட்டார்.

மருந்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவரின் கையில் இரண்டு பைக்கற்றுகளும் ஒரு துண்டும் இருந்தன.

“ரெண்டு மருந்து தந்தவை, பிள்ளை. மற்றது இல்லையாம். வெளியில வாங்கட்டாம். இந்த ரத்தப் பரிசோதனையும் வெளியிலதான் செய்யவேணுமாம்.”

“அப்ப என்ன செய்யப்போறீங்கள், அம்மா?”

“என்ன செய்யிறது? எங்கட பக்கத்து வீட்டுக்காரிக்கு மகன் பிரான்சில. அவள் வாங்கிப்போடுவாள். எனக்கு வெளியில ஒருத்தரும் இல்லை.”

‘வெளியில’ என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார். முதலாவது, வைத்தியசாலை வாசலுக்கு எதிரே இருக்கும் பாமசி. இரண்டாவது, வெளிநாடு. இலங்கையின் இலவச சுகாதார சேவை பற்றி நான் வாசித்த அறிக்கைகளைவிட, அந்த இரண்டு ‘வெளியில’க்களுக்கும் இடையில் கிடக்கும் தொடர்பு கூடுதலாகச் சொல்கிறது என்று அன்று பட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அட்டை கேட்காத வைத்தியசாலை

அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பு என்பது இன்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு. 2012 டிசம்பர் 12ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை அதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2030க்குள் அடைய வேண்டிய நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளிலும் அது இருக்கிறது. இந்தப் பாதுகாப்பை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள்? எந்தெந்தச் சேவைகள் கிடைக்கின்றன? அதற்கான செலவில் எவ்வளவு நோயாளியின் பையிலிருந்து போகிறது?

பல நாடுகள் இதற்கெனப் பொதுச் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. “எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லையே” என்று நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் உறவினர்கள் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒப்பறேஷன் செய்துகொண்ட கதையை உதாரணம் காட்டுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன், அட்டையே இல்லாமல் நாம் இவ்வளவு தூரம் எப்படி வந்தோம் என்று பார்க்க வேண்டும்.

1931இல் இந்த நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் கிராமங்கள் முதலில் கேட்டவற்றுள் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அடங்கும். 1934-35இல் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் கிராமப்புற வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் வேகமாகப் பெருகின. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளர்களிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது, 1977இல் அதுவும் போனது. பணம் முழுவதும் பொது வரியிலிருந்து வந்தது. பிரீமியம் கிடையாது. பதிவு கிடையாது. வருமானச் சான்றிதழ் கிடையாது. வருத்தம் என்று போனால் யாரும் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பழைய கதையும் உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் 1850. நன்கொடையில் நடந்த அந்த ஆஸ்பத்திரியை 1907இல் அரசு பொறுப்பேற்றது. தருமத்தில் தொடங்கிய ஒன்று, பிறகு அரசின் கடமையானது. இந்த நகர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் என் சந்தேகம்.

இந்த முறை ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. 1985இல் ரொக்பெல்லர் மன்றம், குறைந்த செலவில் நல்ல சுகாதாரத்தை அடைந்த இடங்களாக எடுத்துக்காட்டிய நான்கில் இலங்கையும் ஒன்று. மற்றவை கேரளம், சீனா, கொஸ்ராரிக்கா. இன்றும் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளிலேயே பெறுகிறார்கள். யார் உள்ளே என்ற முதற் கேள்விக்கு இலங்கையின் பதில் எப்போதோ சரியாகிவிட்டது. எல்லோரும் உள்ளே.

காசு எங்கே கசிகிறது?

பிரச்சினை மற்ற இரண்டு கேள்விகளிலும் இருக்கிறது. வைத்தியம் இலவசம் என்று சொல்லப்படும் இந்த நாட்டில், மொத்தச் சுகாதாரச் செலவில் 40 சதவீதத்துக்கும் மேல் மக்களின் பையிலிருந்து நேரடியாகப் போகிறது. சத்திரசிகிச்சைக்கு அல்ல. பெரும்பாலும் மருந்துக்கும், பரிசோதனைக்கும், வெளிநோயாளர் சிகிச்சைக்கும். வெளிநோயாளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தனியாரிடம் போகிறார்கள்.

இதற்குப் பல காரணங்கள். 1977இல் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாராகவும் நோயாளிகளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். காலையில் அரச கிளினிக்கில் சில நிமிடம் மட்டும் பார்க்கக் கிடைக்கும் அதே வைத்தியரை, பின்னேரம் சனல் பண்ணி ஆறுதலாகக் காணலாம். யாழ் நகரத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு சுற்று வந்தால் இந்த இரண்டாவது சுகாதார சேவை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். இதில் வைத்தியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒரே காலையில் எத்தனை பேரைத்தான் ஒருவர் பார்ப்பது?

அடுத்தது மருந்து. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த கொள்கையின்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில், மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்குவதே அதன் வேலை. நல்ல முறை. ஆனால் அது ஓடுவதற்கு டொலரும் நேர்மையும் வேண்டும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது டொலர் இல்லாமல் போனது. நேர்மையின் கதை 2024 பெப்ரவரியில் வெளியே வந்தது. தரமற்ற இமியூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைது செய்யப்பட்டார். இதற்கிடையில் பெருந்தொகையான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்.

மூன்றாவது, பயணம். நெடுந்தீவிலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வருவதானால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. அன்றைய கூலியும் இல்லை. கூட வருபவருக்கும் கூலி இல்லை. இந்தச் செலவு எந்த வைத்தியசாலையின் கணக்கிலும் வருவதில்லை.

எங்களுடைய காப்புறுதி எங்கே இருக்கிறது?

இப்போது என் வீட்டுக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தக்குழாயில் அடைப்பு. அரச வைத்தியசாலை ஒன்றில் அவசர சிகிச்சை நன்றாகவே கிடைத்தது, ஒரு சதமும் கேட்கவில்லை. அடுத்த கட்டச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தது. அம்மா பயந்துவிட்டார். கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு அழைப்பு. மூன்றாம் நாள் காசு வந்தது. கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் எல்லாம் முடிந்தது. அப்பா இப்போது தோட்டத்தில் நிற்கிறார்.

அன்று நான் அதைக் குடும்பப் பாசம் என்றே நினைத்தேன். பாசம்தான். ஆனால் ஓர் ஊடகவியலாளராக யோசித்தால் அது ஒரு காப்புறுதித் திட்டமும்கூட. பிரீமியம், 1980களில் விற்ற காணியும் நகையும், சித்தப்பாவை அனுப்பப் பட்ட கடனும். இழப்பீடு, முப்பது வருடம் கழித்து வங்கியிலோ உண்டியலிலோ வந்து சேரும் பணம். குடாநாட்டின் பல வீடுகளில் இதுதான் உண்மையான சுகாதாரக் காப்புறுதி. இதற்குச் சட்டம் இல்லை, அலுவலகம் இல்லை. அந்தத் தலைமுறை போன பிறகு அடுத்த தலைமுறை பிரீமியம் கட்டுமா என்பதும் தெரியாது. கனடாவில் பிறந்த என் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் ஒரு விடுமுறை இடம்.

அதைவிடப் பெரிய குறை, அது எல்லோருக்கும் இல்லை. யாரிடம் விற்கக் காணி இருந்ததோ, யாருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கும் அங்கிருந்து விமானத்துக்கும் போக வழி இருந்ததோ, அவர்கள் வீட்டில் இருக்கிறது. வன்னியிலும் வடமராட்சி கிழக்கிலும் தீவுகளிலும், கடைசிவரை போருக்குள் நின்ற கூலிக் குடும்பங்களிலும் இருப்பது குறைவு. போர் யாரை அதிகம் தாக்கியதோ அவர்களிடம்தான் இந்தக் காப்புறுதி இல்லை.

போர் வேறொன்றையும் செய்தது. வைத்தியசாலை பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையைப் பல தடவை உடைத்தது. 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களுமாக ஏறத்தாழ எழுபது பேர் கொல்லப்பட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலங்களில் சாதாரண மருந்துக்கும் தட்டுப்பாடு. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் தீவானது. 2009இல் வன்னியில் வைத்தியசாலைகளே ஷெல்லுக்குள் இயங்கின. இவ்வளவுக்குப் பிறகும் இந்த மக்கள் அரச வைத்தியசாலைக்கே திரும்பிப் போகிறார்கள். அது எங்களுடையது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எந்தச் சட்டம் செய்தாலும் இந்த எண்ணத்தை இழக்காமல் செய்ய வேண்டும்.

இருக்கின்ற காப்புறுதிகள் யாருக்கு?

இலங்கையில் பொதுக் காப்புறுதிச் சட்டம் இல்லையே தவிர, துண்டு துண்டாகத் திட்டங்கள் இருக்கின்றன. அரச ஊழியர்களுக்கு ‘அக்ரஹார’ இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. பாடசாலை மாணவர்களுக்கு ‘சுரக்ஷா’ 2017இல் தொடங்கியது, இடையில் தடைப்பட்டு மீண்டும் வந்தது. பெரிய சிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். முன்பு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். இது நல்ல மாற்றம், தேவையானவர்கள் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் வரிசையாக வைத்துப் பாருங்கள். அரச வேலை உள்ளவருக்கு ஒன்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒன்று. விண்ணப்பம் நிரப்பி, வைத்தியர் கையொப்பம் வாங்கி, காத்திருக்கக் கூடியவருக்கு ஒன்று. வலை இழுப்பவர், மேசன் வேலைக்குப் போகிறவர், வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் பெண், மாற்றுத்திறனாளி, தனித்திருக்கும் முதியவர் ஆகியோருக்கு அன்றாட மருந்துக்கென்று எதுவும் இல்லை.

தனியார் காப்புறுதி இன்னும் தூரம். பொதுவாக அவை ஏற்கெனவே இருக்கும் நோய்களை விலக்கியோ காத்திருப்புக் காலம் வைத்தோதான் எழுதப்படுகின்றன. போரால் வரும் காயங்களும் வழமையாக விலக்குப் பட்டியலில் இருக்கும். இடுப்பில் ஷெல் துண்டோடும் நீரிழிவோடும் இருக்கும் ஒருவர் காப்புறுதி முகவருக்கு வாடிக்கையாளரே அல்ல.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கடலுக்கு அப்பால் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2009இல் கருணாநிதி அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் ஜெயலலிதா அரசு அதை மாற்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக்கியது. 2018இல் அது இந்திய மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 இந்திய ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் ஆண்டுக்கு 5 இலட்சம் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் வருமான வரம்பு இல்லாமல் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பது எமக்கு ஒரு செய்தி. மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ இருக்கும் எங்கள் உறவுகளில் சிலர் இதனால் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனால் இத்திட்டம் பெரும்பாலும் எதற்குக் காசு தருகிறது? வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுச் செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. மாதாமாதம் வாங்கும் நீரிழிவுக் குளிசைக்கு அல்ல. அந்தக் குளிசையைத் தமிழ்நாட்டு ஏழைக்குத் தருவது காப்பீட்டு அட்டை இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையமும், 1990களின் நடுப்பகுதியிலிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும்தான். வாங்கில் இருந்த அம்மாவை இந்தத் திட்டத்தில் சேர்த்தாலும் அவர் கையில் இருந்த துண்டு அப்படியே இருக்கும்.

கானா 2003இல் தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தது. நிலையான சம்பளம் இல்லாதவர்களிடம் ஆண்டுதோறும் பிரீமியம் வாங்குவது அங்கே பெரும் சிக்கலாகவே இருந்தது. திட்டத்தைத் தாங்கியது பொருள் சேவைகள் மீதான 2.5 சதவீத வரியும், சம்பளக்காரரின் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து வரும் பங்கும். அதாவது காப்புறுதி என்று பெயர் இருந்தாலும் பெரும்பகுதி வரிப்பணம்.

தாய்லாந்துதான் நமக்குக் கிட்ட வருகிறது. 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தால், அரச ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் திட்டத்திலும் இல்லாத எல்லோரும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஒரு தடவைக்கு 30 பாட் என்று தொடங்கியதால் அந்தப் பெயரே நிலைத்தது. பிரீமியம் கிடையாது, முழுவதும் வரிப்பணம். வேறுபாடு எதில் என்றால், எந்தச் சேவை உரிமை என்று சட்டம் சொல்கிறது. கிடைக்காவிட்டால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சிகிச்சையால் பாதிப்பு ஏற்பட்டால் யாருடைய பிழை என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. மருத்துவம் எங்களுக்கும் இலவசம், அவர்களுக்கும் ஏறத்தாழ இலவசம். அவர்களுக்கு அது சட்டப்படி கேட்கக்கூடிய உரிமை.

கேட்கக்கூடிய உரிமை

இலங்கையின் 1978 யாப்பில் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரம் இல்லை. 1951இலிருந்து நாம் அனுபவித்து வருவது ஒரு கொள்கை, ஒரு வழக்கம். மருந்து இல்லை என்று சொல்லப்படும் நோயாளிக்கு, “இதை எனக்குத் தர வேண்டும்” என்று காட்டுவதற்கு ஒரு சட்டப் பிரிவு இல்லை. அதனால் அவர் துண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார்.

ஆகவே என் வாதம் இதுதான். எமக்கு வேண்டியது அட்டையும் பிரீமியமும் கொண்ட காப்புறுதிச் சட்டம் அல்ல. ஏற்கெனவே இருக்கும் இலவச சேவையை உரிமையாக்கும் ஒரு உத்தரவாதச் சட்டம்.

அதில் என்ன இருக்க வேண்டும்? முதலாவது, நீண்டகால நோய்களுக்கான மருந்துப் பட்டியல். அதில் உள்ள மருந்து வைத்தியசாலையில் தீர்ந்தால், வெளியில் வாங்க வேண்டியது நோயாளி அல்ல, வைத்தியசாலை. உள்ளூரில் கொள்வனவு செய்யும் ஏற்பாடு இப்போதும் இருக்கிறது. அதற்குப் பணமும் கட்டாயமும்தான் இல்லை. இரண்டாவது, பரிசோதனை. அரச ஆய்வுகூடத்தில் செய்ய முடியாததை, அரசு நிர்ணயித்த விலையில் தனியாரிடம் செய்வித்து, பில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூன்றாவது, தீவுகள், வடமராட்சி கிழக்கு போன்ற இடங்களிலிருந்து கிளினிக்குக்கு வருவோருக்குப் போக்குவரத்துக் கொடுப்பனவு. நான்காவது, எந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்தியசாலை வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். முறையிட ஓர் இடமும், பதில் சொல்ல ஒரு கால எல்லையும் வேண்டும்.

இது கனவு இல்லை. எங்கள் கண் முன்னால் ஒரு முன்னுதாரணம் ஓடித்திரிகிறது. இந்திய உதவியுடன் 2016இல் தெற்கில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அதே ஆண்டில் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. நாலு இலக்கத்தை அழுத்தினால் வாகனம் வருகிறது. காப்புறுதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காசும் கேட்பதில்லை.

இதற்கு வரும் பலமான எதிர்வாதம் பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. பெரிய தொகை போலத் தெரியும். சனத்தொகையால் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 ரூபா. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குள் செலவைக் கூட்டுவது இலகுவல்ல. காப்புறுதி புதிய பணத்தைக் கொண்டுவரும், அரசின் சுமை குறையும் என்கிறார்கள்.

அந்தப் புதிய பணம் யாருடைய பையிலிருந்து வரும்? சம்பளச் சீட்டு உள்ளவரிடம் வெட்டலாம். வலைக்காரரிடம் எப்படி வெட்டுவது? அவருக்காக அரசே கட்டுவதானால் அதுவும் வரிப்பணம்தான், நடுவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் செலவு கூடுகிறது, அவ்வளவுதான். கட்டாதவரை வெளியே விட்டால், 1951இல் நாம் அடைந்ததை இழக்கிறோம். அட்டை என்று வந்தால் பத்திரம் என்று வரும். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இடப்பெயர்வில் தொலைந்த கதை எங்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? காணாமல் போன கணவரைக் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் எப்படி எழுதுவது என்று பேனாவோடு திகைத்து நின்ற பெண்களைப் பிரதேச செயலகங்களில் நானே கண்டிருக்கிறேன்.

ஒரு விடயத்தில் காப்புறுதி ஆதரவாளர்களின் வாதத்தை ஏற்கிறேன். காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும் சில சத்திரசிகிச்சைகளுக்கு, அரசு தனியாரிடம் நியாய விலையில் சேவையை வாங்குவதில் பிழையில்லை. என் அப்பாவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் சித்தப்பாவை அழைத்திருக்க மாட்டோம். ஆனால் அது அரச சேவையின் ஓட்டையை அடைப்பதாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக அல்ல.

யாரிடம் கேட்பது?

கடைசியாக அரசியல். 13ஆவது திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் மத்திக்கு, ஏனையவை மாகாணத்துக்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பின் கீழ். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அதாவது, இந்த வைத்தியசாலைகளில் மருந்து இல்லையென்றால் கேள்வி கேட்பதற்கு நாம் வாக்களித்துத் தெரிந்த சுகாதார அமைச்சர் ஒருவர் மாகாணத்தில் இல்லை. 1931இல் வாக்குரிமை வந்ததால்தான் வைத்தியசாலை வந்தது என்று மேலே எழுதினேன். அந்தச் சங்கிலியில் எங்கள் பக்கத்துக் கண்ணி அறுந்து கிடக்கிறது.

இந்த வெற்றிடத்தை நன்கொடை நிரப்புகிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்து பணம் சேர்த்தவர்களால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கிலும் வடக்கிலும் சாதாரண சனங்கள் போட்ட காசு அது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் இயந்திரங்களும் கட்டில்களும் வாங்கித் தருகின்றன. யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் திறப்பு விழா வைக்கக்கூடிய பொருளுக்குத்தான் நன்கொடை இலகுவாகக் கிடைக்கும். ஒரு அம்மாவின் முப்பது நாள் குளிசைக்கு யார் நாடா வெட்டுவது?

அடுத்த தேர்தலில், அது மாகாண சபைக்கானதோ பாராளுமன்றத்துக்கானதோ, வாசலுக்கு வருகிறவர்களிடம் இந்த ஒன்றையாவது கேட்கலாம். வைத்தியசாலையில் இல்லாத மருந்தை யார் வாங்க வேண்டும், நோயாளியா, அரசா? எழுத்தில் தாருங்கள் என்று கேட்கலாம். புலம்பெயர்ந்து இருப்பவர்களும், காசு அனுப்பும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம். உங்கள் காசு உங்கள் வீட்டைக் காக்கும். சட்டம் வந்தால் பக்கத்து வீட்டையும் காக்கும்.

அன்று மத்தியானம் அந்த அம்மாவோடு பாமசிவரை போனேன். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். விடவில்லை. “இந்த மாதம் நீர் தருவீர். வாற மாதம்?” என்றார். மணிபேர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, பத்து நாளைக்கு மட்டும் வெட்டித் தரச் சொன்னார். பாமசிக்காரத் தம்பி ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தார். பழகிய கை. இரத்தப் பரிசோதனைத் துண்டை அவர் மடித்து, பஸ் காசோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கிளினிக் முப்பது நாள் கழித்து.